முதலிலிருந்து அழுத குழந்தை

"பெரியம்மா... மூச்சு விட முடியலை பெரியம்மா... நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு..."

மேஜைமேல் இருந்த கைபேசியிலிருந்து ஒரு பெண் குழந்தை அழுதது. ஏழு வயதுக்கு மேல் இருக்காது. விக்கலும், மூக்கை உறிஞ்சுவதும், உறிஞ்சிய பிறகு விடுகிற சின்னப் பெருமூச்சும் கூடக் காதுக்குள்ளேயே உட்கார்ந்து அழுவதுபோல் அத்தனை தெளிவாகக் கேட்டன. எதிரில் உட்கார்ந்து கேட்ட உதவியாளனை எல்லோரும் ரேடியோ என்பார்கள். வாய் ஓயாது என்பதால்தான் அவனுக்கு அந்தப் பெயர். அப்படிப்பட்டவன் அன்றைக்குப் பேட்டரி தீர்ந்தவனைப்போல் உட்கார்ந்திருந்தான்.

அவனுடைய முதலாளியம்மாவுக்குக் கத்தரி என்று பெயர். முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களை வெட்டித் தள்ளிய காலத்தில் வந்த பெயர் அது. வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் பெயர் அவளை விடவில்லை. இப்போது க்ளெய்முக்குப் பதில் எதிரில் இருப்பவர்களின் பேச்சை வெட்டுகிறாள். குழந்தையின் அழுகையைக் கேட்டுக்கொண்டே அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைபேசியில் இன்னொரு குரல் வந்தது. வயதான பெண்மணி, தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல். "அழாதேடா கண்ணு, பெரியம்மா இருக்கேன்."

"டாக்டர் மாமா சொல்றாங்க, நீங்க மட்டும் இல்லேன்னா..."

தகரக் குரலுக்குச் சொந்தக்காரி பலமாக இருமினாள். குழந்தை நிறுத்தியது. பிறகு மறுபடி ஆரம்பித்தது.

"டாக்டர் மாமா சொல்றாங்க, நீங்க மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ செத்துப் போயிருப்பேனாம்... லைட்டை அணைச்சுடாதீங்க பெரியம்மா. நான் இன்னும் கண்ணை மூடலை."

பதிவு முடிந்தது. கைபேசியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டவர் அந்தப் பெரியம்மாவின் உடன்பிறந்த தம்பி. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா குழந்தைங்க வார்டுல நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ மேடம். ஒரே பொண்ணு, ஏழு வயசுல நிமோனியால போயிடுச்சு. மச்சானும் போயிட்டார். தனியா இருக்கா. திடீர்னு ஏதோ அறக்கட்டளைன்னு ஒரு போன். அதுலேர்ந்து தினம் இந்தக் குழந்தை பேசுது. சேமிப்பு போச்சு, நகை போச்சு. இன்னிக்கு நாலு மணிக்கு வீட்டை விக்கறா. பத்திரப் பதிவு. மொத்தமும் ஆபரேஷனுக்காம்."

"எந்த ஆஸ்பத்திரி?" என்றாள் கத்தரி.

"சொல்ல மாட்டேங்கறாங்க. தொற்று வந்துடுமாம், யாரும் வரக் கூடாதாம்."

"பணம் யார் கணக்குக்குப் போகுது?"

"ஏதோ தனி ஆள் பேர்ல."

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னும் சொல்லியிருப்பாங்களே?"

"ஆமா மேடம்! உங்களுக்கு எப்படி..."

"ஆளைப் பாக்காதே, இடத்தைக் கேக்காதே, பணத்தை மட்டும் இன்னிக்கே குடு," என்று ரேடியோ குறுக்கே புகுந்தான். "எங்க சித்தப்பாகூட கடன் கேக்கறப்ப இதே மூணு விதியைத்தான் வச்சிருந்தார்."

காலையில் தம்பிக்காரர் போனில் விஷயத்தைச் சொன்னதுமே ரேடியோ நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, இதெல்லாம் மோசடி, கையெழுத்துப் போடாதீர்கள் என்று கெஞ்சிப் பார்த்துவிட்டான். அந்தம்மா பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "தம்பி, ஏமாத்தறாங்கன்னு சொல்றவங்க எல்லாருக்கும் என் வீட்டு மேல ஒரு கண்ணு இருக்கு. அப்படி ஒரு ஆள் இருந்தா பிடிச்சு என்கிட்ட பேசச் சொல்லுங்க. அப்ப நம்பறேன்." அதன் பிறகு அவன் எண்ணை அவள் எடுக்கவே இல்லை.

ஆக, நாலு மணிக்குள் ஆளைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வீடு போய்விடும். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

"அந்த இருமல் வர்ற இடத்தை இன்னொரு தரம் போடுங்க," என்றாள் கத்தரி.

போட்டார். கேட்டாள். சிரித்தாள். அவள் சிரித்தால் யாருக்கோ கெட்ட நேரம் என்பது ரேடியோவின் அனுபவம்.

"ரேடியோ, நீ சின்ன வயசுல அழுதிருக்கியா?"

"இப்பவும் அழறேன் மேடம், சம்பள நாள் வந்தா."

"நடுவுல யாராவது இருமினா என்ன பண்ணுவே?"

"நிறுத்துவேன். அப்புறம் விட்ட இடத்துலேர்ந்து அழுவேன். இல்ல, எதுக்கு அழுதேன்னு மறந்துட்டு வேற எதுக்காவது அழுவேன்."

"குழந்தைன்னா அப்படித்தான். இது வசனத்தோட முதல் வார்த்தைக்குப் போச்சு. விக்கல்கூட அதே இடத்துல விழுந்தது பாரு. சினிமாவுக்குக் குரல் குடுக்கற டப்பிங் ஸ்டூடியோ ஒண்ணுல தீ விபத்து க்ளெய்முக்காக நான் ஒரு வாரம் உக்காந்திருக்கேன். நடுவுல யாராவது தும்மினா, நாற்காலி நகர்ந்தா, டேக் வீண். வசனத்தை முதல்லேர்ந்து பேசணும், அதே அழுகையோட. பழகின வாய் அது. தூக்கத்துல எழுப்பினாலும் முதல்லேர்ந்துதான் வரும்."

ரேடியோவின் வாய் பிளந்தது. "அப்ப இது குழந்தையே இல்லையா?"

"டப்பிங் ஆர்ட்டிஸ்ட். கழுதை வயசாகியிருக்கும்."

தம்பிக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "நாலு மணிக்குள்ள அவ எங்க இருக்கான்னு கண்டுபிடிச்சுடுவீங்க இல்ல மேடம்?"

"அதுக்குத்தானே உக்காந்திருக்கோம். பதிவை ரேடியோவுக்கு அனுப்புங்க. நல்லா எடுத்திருக்கீங்க. எப்படி எடுத்தீங்க?"

"அக்கா ஸ்பீக்கர்ல பேசுவா. பக்கத்துல என் போனை வச்சேன்."

கத்தரி தலையசைத்தாள். வாசல்வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்தாள். அது அவள் வழக்கமே இல்லை.

*

இரண்டு ஸ்டூடியோக்களில் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவது, ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்தது. உள்ளே சவுண்ட் என்ஜினியர் மட்டும் தனியாக உட்கார்ந்து, ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர் என்பது முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. அப்படிப்பட்ட முகத்தை வெளியே எடுத்துக்கொண்டு வரவே கூடாது.

பதிவின் முதல் விக்கலிலேயே அவர் முகம் மலர்ந்தது. "அட, நம்ம பாப்பா! இந்த ஊர்ல திரையில அழுத குழந்தைங்கள்ல பாதி அந்தம்மாதாங்க. கதாநாயகன் சின்ன வயசுல அழுவான், கதாநாயகி சின்ன வயசுல அழுவா, ரெண்டும் இவங்கதான். பேரன் பேத்தி எடுக்கற வயசாச்சு, குரல் மட்டும் வளரவே இல்ல. இப்ப பாவம் வேலை இல்ல. மெஷினே அழுதுடுதே." காதைச் சாய்த்து மறுபடி கேட்டார். "நல்லா கிட்ட வச்சு எடுத்திருக்கீங்க. உதடு பிரியற சத்தம்கூட விழுந்திருக்கு."

"நன்றி," என்றான் ரேடியோ, தானே எடுத்ததுபோல்.

"அவங்க வீடு எங்க?" என்றாள் கத்தரி.

மலர்ந்த முகம் சட்டென்று மூடிக்கொண்டது. "அது தெரியாதுங்க. தெரிஞ்சாலும் சொல்றதில்ல. போன வாரம்கூட ஒருத்தர் வந்து கேட்டுப் பாத்தார், காசுகூட நீட்டினார். அனுப்பிட்டேன்."

ரேடியோ பெருமூச்சு விட்டான். கத்தரி விடவில்லை. அவள் தலையைக் குனிந்தாள். குனிந்த தலை நிமிர்ந்தபோது கண்ணில் நீர் இருந்தது. எங்கிருந்து வரவழைத்தாள் என்று ரேடியோவுக்கு இன்றுவரை தெரியாது.

"உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. பாப்பாம்மா காலையில தவறிட்டாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல மயங்கி விழுந்து... அனாதையாக் கிடக்கறாங்க. கைப்பையில இந்தப் பதிவு ஒண்ணுதான் இருந்தது. எடுத்து அடக்கம் பண்ணக்கூட ஆள் இல்லை. நாங்கதான் நாலு பேர்கிட்ட கேட்டு..."

என்ஜினியர் கையிலிருந்த ஒயர் கீழே விழுந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கவில்லை. நீங்கள் யார் என்று கேட்கவில்லை. செத்துப்போனவளின் கைப்பையிலிருந்த பதிவு உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனுக்கு எப்படி வந்தது என்றும் கேட்கவில்லை. அவர் கை பர்ஸுக்குப் போயிற்று. இருந்த நோட்டுகளை எண்ணாமல் எடுத்து ரேடியோவின் கையில் திணித்தார்.

"அந்தப் பேக்கரிக்கு மேல, மூணாவது மாடியில, தன்னந்தனியாக் கிடந்தாங்களே..." என்று விம்மினார். "ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல. போன மாசம் நான்தான் பழைய நுரை மெத்தையெல்லாம் கொண்டு போய்க் குடுத்தேன். சுவத்துல ஒட்டணும்னாங்க..."

கத்தரியின் கண்ணீர் குழாயை மூடியதுபோல் நின்றது.

"ரேடியோ, பணத்தைத் திருப்பிக் குடு. சார், பாப்பா உயிரோட, உங்களைவிட நல்லாவே இருக்காங்க. பாத்திரம் அறிந்து பிச்சையிடுன்னு சும்மாவா சொன்னாங்க? இனிமே யார் வந்து அழுதாலும் ரெண்டு கேள்வி கேட்டுட்டு அப்புறம் பர்ஸைத் தொடுங்க."

அந்த மனிதர் கையில் நோட்டுகளோடு நின்றார். வாசலைத் தாண்டும்போது ரேடியோ திரும்பிப் பார்த்தான். அவமானத்தில் அவர் காதுமடல் சிவந்திருந்தது. உண்மையைச் சொல்லப்போனால், ரேடியோவுக்கு அன்றைக்கு அவளைப் பிடிக்கவில்லை.

"இது பாவம் மேடம்," என்றான் தெருவில்.

"பாவம்தான். வீட்டு விலாசம் கிடைச்சுதே."

*

பேக்கரியின் அடுப்புச் சூடு மூன்றாவது மாடிவரை ஏறி வந்திருந்தது. படி ஏறுமுன் கத்தரி ஒரு காரியம் சொன்னாள். தம்பிக்காரருக்கு விலாசத்தை அனுப்பச் சொன்னாள்.

"அவர் எதுக்கு மேடம்? வந்தா ஒப்பாரி வைப்பார்."

"வைக்கட்டுமே. கேப்போம்."

மேல் மாடியில் ஒரே ஒரு கதவு. உள்ளேயிருந்து ஒரு சிறுவனின் குரல் கேட்டது. "தாத்தா... எனக்கு ஸ்கூலுக்குப் போகணும் போல இருக்கு தாத்தா... ஆனா இதயத்துல ஓட்டைன்னு..."

கத்தரி ரேடியோவின் கையிலிருந்த ஹெல்மெட்டைக் கண்ணால் காட்டினாள். அவன் அதைப் படியில் நழுவவிட்டான். அது கடகடவென்று கீழ்மாடிவரை உருண்டு போயிற்று. உள்ளே குரல் நின்றது. ஒரு மூச்சு இடைவெளி.

"தாத்தா... எனக்கு ஸ்கூலுக்குப் போகணும் போல இருக்கு தாத்தா..."

"டேக் டூ," என்று ரேடியோ கிசுகிசுத்தான்.

கத்தரி கதவைத் தள்ளினாள். சுவர் முழுக்க நுரை மெத்தையும் பழைய போர்வைகளும் ஆணியடித்துத் தொங்கின. நடுவில் ஒரு மேஜை, அதில் வெந்நீர் பிளாஸ்க், வரிசையாகக் கைபேசிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நிற டேப். நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக ஓர் அம்மா, வந்தவர்களைப் பார்த்துப் பதறாமல், "தாத்தா, நர்ஸ் வந்துட்டாங்க, ஊசி போடப் போறாங்க," என்று சிறுவனின் குரலில் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு கரகரத்த சொந்தக் குரலில் கேட்டாள்:

"போலீஸா?"

"அதைவிட மோசம். இது என்ன, நிறம் நிறமா?"

"சிவப்பு இதயம். பச்சை கிட்னி. மஞ்சள் தீக்காயம். மாத்திப் பேசிட்டா வம்பாச்சே."

"நீலம்?"

"நுரையீரல். நர்ஸம்மா." பாப்பா வெந்நீரை ஒரு மிடறு விழுங்கினாள். "நான் யார் கழுத்துலயும் கத்தி வைக்கலை. மிரட்டலை. அழுதேன், அவ்வளவுதான். சினிமாவுல ஊரே அழற மாதிரி அழுதேன், ஒருத்தன் என் பேரைத் திரையில போடலை. இங்க பேர் வேண்டாம்னேன், காசு கொட்டுது."

"ஒரு நர்ஸை நுரையீரல் வியாதின்னு சொல்லி எப்படி ஏமாத்தினீங்க?" ரேடியோவால் அடக்க முடியவில்லை.

பாப்பாவுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. தொழில்காரியின் பெருமை முகத்தில் வந்தது. "அவங்கதானே எனக்கு டாக்டர்! முதல் வாரம் ஒரு மருந்துப் பேரைத் தப்பாச் சொல்லிட்டேன். 'ஐயோ, அது பெரியவங்களுக்குத் தர்றது, உடனே டாக்டர்கிட்ட சொல்லு கண்ணு'ன்னு பதறினாங்க. மறுநாள், 'நீங்க சொன்னதால மாத்திட்டாங்க பெரியம்மா, பிழைச்சேன்'னேன். அன்னிக்கு அந்தம்மா அழுத அழுகை இருக்கே, எனக்கே வராது. அப்புறம் எந்த நேரம் எந்த மருந்து, காய்ச்சல் எப்படி ஏறும், எல்லாம் அவங்களே சொல்லிக் குடுத்தாங்க. அதை வச்சு இன்னும் ரெண்டு பேர்கிட்ட ஓட்டறேன்."

ரேடியோவுக்கு அடிக்கக் கை எழுந்தது. அம்மா வயது என்பதால் இறங்கியது.

"லைட்டை அணைச்சுடாதீங்க, நான் இன்னும் கண்ணை மூடலை," என்றாள் கத்தரி. "அது உங்க சொந்த வசனம் இல்லையே?"

பாப்பா பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினாள். படியில் தடதடவென்று செருப்புச் சத்தம் ஏறி வந்தது. கதவு சுவரில் மோதியது. நர்ஸம்மாவின் தம்பி மூச்சிரைக்க நின்றார். கதவுக்குப் பின்னால் ஒதுங்கிய ரேடியோவும் கத்தரியும் அவர் கண்ணில் படவில்லை.

"நம்பரை மாத்தி, வீட்டையும் மாத்திட்டா விட்டுடுவேன்னு நெனச்சியாடி? அந்த வீடு எங்க சொத்து. அதைத் தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"வாங்க சார்," என்று கத்தரி முன்னால் வந்தாள். "அறிமுகம் பண்ணி வைக்கலாம்னு இருந்தேன். வேண்டாம் போலிருக்கே."

அவர் முகம் பேயறைந்ததுபோல் ஆயிற்று. ரேடியோவின் முகமும்தான்.

"அக்கா பக்கத்துல போனை வச்சுப் பதிவு பண்ணதாச் சொன்னீங்க. அப்படின்னா அக்கா குரல் பக்கத்துல கேட்டிருக்கணும், குழந்தை குரல் தகரம் மாதிரி வந்திருக்கணும். உங்க பதிவுல தலைகீழா இருக்கு. அக்காதான் தகரம். குழந்தை உதடு பிரியற சத்தம்கூட விழுந்திருக்கு. நீங்க உக்காந்திருந்தது அக்கா பக்கத்துல இல்ல, குழந்தை பக்கத்துல."

ரேடியோ தலையில் அடித்துக்கொண்டான். நன்றி வேறு சொல்லியிருந்தான்.

"அதோட, குழந்தை இல்லேன்னு நான் சொன்னதும் எவனா இருந்தாலும் 'யார் அது?'ன்னு கேப்பான். நீங்க எங்க இருக்கான்னுதான் கேட்டீங்க. யாருன்னுதான் உங்களுக்குத் தெரியுமே. ஸ்டூடியோவுல காசு நீட்டிப் பாத்தும் விலாசம் கிடைக்கலை, அதனால எங்களைப் பிடிச்சீங்க. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டறதுன்னா இதுதான்."

தம்பிக்காரர் கண்ணில் வெட்கம் இல்லை, கோபம்தான் இருந்தது.

"கூடப் பொறந்தவன் நான். கடையை மூடற நிலைமை, கொஞ்சம் குடுன்னு கால்ல விழாத குறையாக் கேட்டேன். உழைச்சு சாப்பிடுன்னா. யாரோ பெத்த புள்ளைக்குன்னா அள்ளிக் குடுக்கறா. தம்பியாக் கேட்டேன், கிடைக்கலை. குழந்தையாக் கேட்டேன், கிடைச்சுது. தப்பா?"

"அந்த லைட் வசனம், செத்துப்போன உங்க மருமக படுக்கையில சொன்ன வார்த்தையாத்தான் இருக்கணும், வீட்டு ஆளைத் தவிர வேற யாருக்குத் தெரியும்? தாய்மாமன் நீங்க. அதையா எடுத்துக் குடுத்தீங்க?"

"அது சொன்னப்புறம்தான் நகை வந்துது," என்றாள் பாப்பா, கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பவளைப்போல். "பாதிக்குப் பாதின்னு பேச்சு. வீடுன்னு வந்ததும் இவருக்குப் பாசம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. அதான் கழட்டி விட்டேன்."

சுவரில் போர்வைகளுக்கு நடுவே ஒரு கடிகாரம் இருந்தது. மூன்றரை. கத்தரி நீல டேப் ஒட்டிய போனை எடுத்துப் பாப்பாவின் முன் வைத்தாள்.

"மத்ததைப் போலீஸ் பாத்துக்கும். இப்ப அந்தம்மாவைக் கூப்பிடு. ஸ்பீக்கர்ல. உன் சொந்தக் குரல்ல, நடந்ததைச் சொல்லு. ஆளைப் பேசச் சொல்லு, நம்பறேன்னு அவங்களே சொல்லியிருக்காங்க."

"கூப்பிடறேன்," என்றாள் பாப்பா. "ஆனா என் சொந்தக் குரலை இதுவரைக்கும் யாரும் நம்பினதில்லை."

முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது. பின்னால் தெருச் சத்தம்.

"கண்ணு! நூறு வயசு உனக்கு. இப்பதான் நெனச்சேன்."

பாப்பா தொண்டையைச் செருமினாள். "அம்மா, நான் குழந்தை இல்லைங்க. வயசானவ. அப்படி ஒரு குழந்தையே கிடையாது. நான்தான் குரலை மாத்திப் பேசினேன்."

மறுமுனையில் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"யாரும்மா நீ? வார்டு ஆயாவா?" நர்ஸம்மாவின் குரலில் பழைய வார்டு அதிகாரம் ஏறியது. "பேஷன்ட் போனை எதுக்கு எடுத்தே? குழந்தைகிட்ட குடு."

"அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. நான்தான்..."

"குழந்தைக்கு என்ன ஆச்சு? மூச்சு நின்னுடுச்சா? மறைக்காமச் சொல்லு, நானும் நர்ஸ்தான்!"

அந்தக் குரல் நடுங்கியது. கத்தரி குனிந்து பாப்பாவின் காதில் சொன்னாள்: "அந்தக் குரல்ல பேசிக் காட்டு. அப்பத்தான் நம்புவாங்க."

பாப்பா கண்ணை மூடினாள். நரைத்த தலையோடு இருந்த அந்த வாயிலிருந்து ஏழு வயதுக் குழந்தை வந்தது. "பெரியம்மா... நான்தான் பெரியம்மா. இவ்வளவு நேரம் பேசினதும் நான்தான்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. எத்தனை நிம்மதியான பெருமூச்சு என்றால், அதைக் கேட்டதும் ரேடியோவுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

"வந்துட்டியாடா கண்ணு! உயிரே போயிடுச்சு எனக்கு. எவளோ உன் போனைப் பிடுங்கிட்டு என்னென்னமோ சொல்றா. பயந்துட்டியா? பயப்படாதே. நாலு மணின்னாங்க, ஆபீஸ்ல இன்னிக்குக் கூட்டமே இல்ல, முன்னாடியே கூப்பிட்டுட்டாங்க. கையெழுத்துப் போட்டாச்சு."

தம்பிக்காரர் போர்வைச் சுவரில் சாய்ந்து, அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்தார். "போட்டுட்டாளா?" என்று யாரையோ கேட்டார். கத்தரி ஏற்கெனவே போலீஸுக்கு எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். பணம் போகும் கணக்கை முடக்கலாம். விற்ற வீட்டை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

"என்ன கண்ணு, பேச்சே காணோம்?" நர்ஸம்மா சிரித்தாள். "பெரியம்மாவுக்கு வீடு இல்லாமப் போச்சேன்னு கவலையா? எனக்கு எதுக்குடா வீடு? துணிமணியெல்லாம் பெட்டியில எடுத்துட்டு வந்துட்டேன். ஆபரேஷன் முடியற வரைக்கும் உன் கட்டில் பக்கத்துலயே படுத்துக்கறேன். நர்ஸை யாரும் தடுக்க மாட்டாங்க. எங்க வரணும்னு மட்டும் சொல்லு, ஆட்டோ நிக்குது."

பாப்பா வாயைத் திறந்தாள். எந்தக் குரலும் வரவில்லை. கத்தரியைப் பார்த்தாள். எதையும் பாதியில் வெட்டத் தெரிந்த கத்தரி, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"கண்ணு? மூச்சு வாங்குதா? கண்ணு?"

ரேடியோ பாப்பாவின் தோளைத் தொட்டான்.

"ஏதாவது சொல்லும்மா," என்றான். "குழந்தையாவே சொல்லு."